தட்டானைப் படம் பிடிப்பது எப்படி: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்க்கால் மேட்டில் கேமராவோடு குத்தவைத்து உட்கார்ந்தால் போதும், போகிற வண்டியெல்லாம் நிற்கும். "நெலம் அளக்கறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. தட்டானைப் படம் எடுக்கிறேன் என்றதும் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அப்படி விசாரித்தவர்களும், புதிதாகக் கேமரா வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, தட்டானும் ஊசித்தட்டானும் ஒண்ணுதானுங்களா?

ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு கிளைகள். உட்காரும்போது பாருங்கள். தட்டான் நான்கு இறக்கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து வைக்கும். ஊசித்தட்டான் முதுகின் மேல் சேர்த்து மடக்கி வைக்கும். தட்டானின் கண்கள் பெரிதாகி உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானுக்கு இரண்டு கண்ணும் தலையின் இரு ஓரத்தில் தள்ளி இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. லெஸ்டிஸ் வகை ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தபடி உட்காரும். குளத்தங்கரைக் குச்சி நுனியில் கருப்பும் மஞ்சளுமாக விறைப்பாக நிற்குமே இக்டினோகாம்ஃபஸ் ராபாக்ஸ், அது தட்டான்தான். ஆனால் அதற்குக் கண்கள் ஒட்டாது. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

இதைப் பாக்க டாப்சிலிப்பு, சிறுவாணின்னு போகோணுமா?

வேண்டியதில்லை. தோட்டத்துக் கிணறு, போர்த் தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டி, மழைக்குத் தேங்கிய குட்டை, இவை போதும். கிணற்றின் கல்கட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கல்லோடு கல்லாக, சாம்பலும் கருப்பும் கலந்த புள்ளிகளோடு ஒரு தட்டான் சுவரில் ஒட்டிப் படுத்திருக்கும். கிரானைட் கோஸ்ட் என்பார்கள், பிராடினோபைகா ஜெமினேட்டா. பாறைக்குழியிலும் சிமெண்ட் தொட்டியிலும் முட்டையிட்டு வளர்கிற வகை என்பதால் கல்லும் தொட்டியும் நிறைந்த நம் தோட்டங்கள் அதற்கு ரொம்பத் தோது.

கொஞ்சம் வெளியே போகலாம் என்றால் கோவையைச் சுற்றியுள்ள நொய்யல் குளங்கள், சூலூர், சிங்காநல்லூர், பேரூர்ப் பக்கம், நல்லவை. திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் 2024-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. பறவைக்காகப் போகிறவர்கள் கரைப்புல்லைக் குனிந்து பார்ப்பதில்லை. நெல் வயல் வேண்டுமானால் கோபி, கொடிவேரிப் பாசனப் பகுதி, ஆனைமலைப் பக்கத்து ஆழியாற்றுப் பாசன வயல்கள். மலையோடைக்கே உரிய வகைகளுக்குத்தான் அடிவாரம் போக வேண்டியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மாசம் நல்லதுங்க?

ஆவணி கடைசியிலிருந்து தை வரை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் குட்டைகள் நிரம்பியிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

காற்றைத்தான் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது என்றால், ஒரு புல் நுனி என்ன பாடுபடும்! ஆனி, ஆடியில் தட்டான் இருக்கும். அது உட்கார்ந்த புல் ஒரு நொடி நிற்காது. அந்த மாதங்களில் கிளுவை வேலியின் கிழக்குப் பக்கம், வாழைத்தோப்புக்குள், தாழ்ந்த வாய்க்காலின் உள்கரை எனக் காற்று மறைவான இடம் தேடுங்கள். அல்லது சுவரில் உட்காரும் கிரானைட் கோஸ்ட்டை எடுங்கள், சுவர் ஆடாது.

எத்தன மணிக்குப் போனா கெடைக்கும்?

ஊசித்தட்டானுக்கும், பனித்துளியோடு படம் வேண்டும் என்பவர்களுக்கும், பொழுது கிளம்புகிற நேரம். மார்கழி, தை விடியலில் தட்டான்கள் புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். உடம்பு சூடேறாமல் அவற்றால் பறக்க முடியாது. வெயில் பட்டதும் உடம்பை அதற்கு நேராகத் திருப்பிக் காயும். அந்த அரை மணி, முக்கால் மணிதான் பொறுமையாக எடுக்கக் கிடைக்கிற நேரம்.

சண்டை, சேர்க்கை, முட்டையிடுதல் பார்க்க வேண்டுமானால் ஒன்பதிலிருந்து பதினொன்று. உச்சி வெயிலில் வெளிச்சம் கடுமையாக விழுந்து கண்ணும் இறக்கையும் வெள்ளை அடிக்கும். அப்போது நிழலுக்குப் போய் மோர் குடிக்கலாம்.

எங்கிட்ட போன் மட்டுந்தான் இருக்குது. முடியுமா அண்ணா?

முடியும் தம்பி, ஆனால் தட்டானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரையிலேயே உட்கார்கிற டிப்ளகோடஸ் டிரிவியாலிஸ், குளிர்ந்த காலையில் எந்தத் தட்டானும், சேர்ந்து கிடக்கும் ஜோடிகள், இவை கிட்ட விடும். போனில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். அகல லென்ஸோடு ஒட்டிப் போனால் உங்கள் நிழலும் கூடவே போகும். விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதைவிட, எடுத்த பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. திரையில் கண்ணின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

லென்ஸ் வாங்கறதுன்னா மேக்ரோவா, சூமா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தட்டானுக்கு 70-300 மாதிரி ஒரு சூம். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றே எடுக்கலாம், பின்னணியும் இதமாகக் கலங்கும். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினால் இன்னும் கிட்டப் போகலாம். அதற்குள் கண்ணாடி இல்லை, வெறும் வளையம்தான் என்பதால் விலை குறைவு. கேமராவோடு மின் தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையின் அளவை) மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள்.

ஊசித்தட்டானுக்கு 90, 100 மி.மீ. மேக்ரோ, அதாவது சின்னதை மிகக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற லென்ஸ். அக்ரியோக்னெமிஸ் பிக்மியா போன்ற பொடிசுகள் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தைச் சுற்றித்தான் இருக்கும், சூமில் ஒரு கீறல் மாதிரிதான் தெரியும். ஆனால் 100 மி.மீ. மேக்ரோவில் முழு அளவுக்கு (பூச்சியின் நிஜ அளவே கேமரா சென்சாரிலும் விழும்படி) எடுக்கப் போனால் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. அதற்கு அடுத்த கேள்வியைப் படித்துவிட்டுப் போங்கள்.

கிட்டப் போனாவே பறந்துருதுங்க. என்ன பண்றது?

பறக்கட்டும். இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் அதுதான். குளத்தோரம் இடம் பிடித்து வைத்திருக்கிற ஆண் தட்டான் ஒரு சுற்றுப் போய்விட்டு அதே குச்சிக்கு, பெரும்பாலும் அதே திசை பார்த்து, திரும்பி வரும். அது போன நேரத்தில் நீங்கள் இரண்டடி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது இன்னும் ஒரு அடி. திரும்பி வரும்போது நீங்கள் அசையாமல் இருந்தால் உங்களையும் ஒரு மண்மேடு என்று எடுத்துக்கொள்ளும். கேமராவை முன்கூட்டியே முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்திருங்கள். கடைசி நேரத்தில் கை உயர்த்துவதுதான் விரட்டிவிடும்.

தட்டானின் கண்ணில் ஆயிரக்கணக்கான சிறு கண்கள், பெரிய வகைகளில் முப்பதாயிரம் வரை. மேலேயும் முன்னாலும் அசைவது எதுவும் தப்பாது. ஆகவே நின்று குனியாதீர்கள், தாழ்ந்து, தவழ்ந்து போங்கள். பின்னால் வானம் இருக்கும்படி போகாதீர்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் அன்றைக்கு அந்தக் குச்சி அவ்வளவுதான். பக்கவாட்டில் நகர்வதைவிட நேர்கோட்டில் மெதுவாக நெருங்குவது அதற்கு உறைக்காது.

ஊசித்தட்டான் வேறு தந்திரம் வைத்திருக்கிறது. நீங்கள் நெருங்கினால் பறக்காது. கோரைத் தண்டைப் பிடித்தபடியே மறுபக்கம் சுற்றி ஒளிந்துகொள்ளும். தண்டு மெல்லியது, தலை அகலம். அதனால் தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். துரத்தாமல் அந்த இரண்டு கண்ணையே எடுங்கள். அப்புறம், இடது கையைத் தண்டுக்கு அந்தப் பக்கம் மெல்லக் கொண்டுபோனால் அதுவே உங்கள் பக்கம் திரும்பி வரும்.

செட்டிங் என்ன வெக்கோணும்?

சூமில், நல்ல வெயிலில்: ஷட்டர் 1/800-க்குக் குறையாமல், அப்பர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோ. காற்றடித்தால் 1/1600. ஒரே ஃபோகஸ் புள்ளியை எடுத்து கண்ணில் வையுங்கள். விடியல் வெளிச்சத்தில் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இருந்தால் ஷட்டரை இறக்கலாம். முக்காலியை விரிக்கிற சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் பாதி தட்டான் போய்விடும்.

கண்ணு தெளிவா வந்தா வாலு மங்கிருது. எஃப் 22 வெச்சா சரியாயிருமா?

ஆகாது. ஐந்து சென்டிமீட்டர் தட்டான் படம் நிறைய வருகிற தூரத்தில், சிறிய சென்சார் கேமராவில், எஃப் 11-க்கே தெளிவாக வருகிற ஆழம் ஏறக்குறைய மூன்று, நான்கு மில்லிமீட்டர். முழு அளவு மேக்ரோவில் அது ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி வந்துவிடும். எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சிறு துளையில் சிதறிப் படம் முழுக்கவே மொழுக்கென்று ஆகிவிடும்.

கேமராவைத் திருகுவதைவிட உங்கள் உடம்பைத் திருப்புங்கள். தட்டானின் உடம்புக்கு சென்சார் இணையாக இருந்தால் தலை முதல் வால் வரை ஒரே தூரத்தில் இருக்கும், எஃப் 8-லேயே எல்லாம் தெளிவாகும். ஊசித்தட்டானைப் பக்கவாட்டில் எடுக்கும்போது இது எளிது. தட்டானுக்குக் கொஞ்சம் மேலிருந்து, இறக்கைத் தளத்துக்கு நேராக. முகத்துக்கு நேரே எடுப்பதென்றால் வாலை மறந்துவிடுங்கள், கண் மட்டும் போதும்.

செவப்புத் தட்டான எடுத்தா ஒரே செவப்பா அப்பிக்குது, வரியே தெரியல.

குரோகோதெமிஸ் செர்விலியாவின் ஆண்தானே? வெயிலில் அந்தச் சிவப்பு சென்சாரின் சிவப்புப் பகுதியை மட்டும் நிரப்பிவிடும். மொத்த வெளிச்ச வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் சரி என்றே காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள், சிவப்பு வலது சுவரில் முட்டி நிற்கும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, கேமரா திருத்தாத RAW கோப்பாக எடுங்கள். மெல்லிய மேகம் சூரியனை மறைக்கும் வரை காத்திருந்தால் இன்னும் நல்லது. டிரிதெமிஸ் அரோராவின் இளஞ்சிவப்புக்கும் இதேதான் வைத்தியம்.

செவப்பு ஆண், மஞ்சள் பெண். கரெக்ட்டுங்களா?

பாதிதான் சரி. மேலே சொன்ன சிவப்புத் தட்டானில் இளம் ஆணும் மஞ்சளாகத்தான் இருக்கும், முதிர முதிரச் சிவக்கும். ஆர்த்தெட்ரம் சபினா, அந்தப் பச்சை கருப்பு வரித் தட்டான், மற்ற தட்டான்களையே பிடித்துத் தின்னுமே, அதில் இருபாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இஸ்க்னூரா செனகலென்சிஸ் என்ற ஊசித்தட்டானில் சில பெண்கள் ஆணின் நிறத்தையே போட்டுக்கொண்டு திரியும்.

நிறத்தை விட்டுவிட்டு வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணுக்கு இறக்கைக்குச் சற்றுப் பின்னால், வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும். பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் தெரிந்துவிடும்.

வாலைத் தூக்கித் தலகீழா நிக்குதே, அடிபட்டிருக்குதா?

இல்லை, வெயில் தாங்காமல் நிற்கிறது. வால் நுனியைச் சூரியனுக்கு நேராக நீட்டினால் உடம்பில் வெயில் படும் பரப்பு குறையும். சித்திரை மதியத்தில் டிரிதெமிஸ் அரோரா இப்படி நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். நன்றாக வரும் படம், எடுங்கள். பின்னால் வெறும் வானம் வந்தால் மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பறக்கறப்ப எடுக்க முடியுங்களா?

முடியும், எல்லாத் தட்டானையும் அல்ல. ஒரே இடத்தில் மிதப்பவற்றைத் தேடுங்கள். பெண் வால் நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி முட்டையிடும்போது, பல வகைகளில் ஆண் அதற்கு மேலேயே காவலாக மிதக்கும். அந்த இடத்தில் கையால் ஃபோகஸ் வைத்து, 1/2000-க்கு மேல் ஷட்டரில் தொடர்ச்சியாக எடுங்கள். பெரிய அனாக்ஸ் வகைகள் கரையோரம் ஒரே தடத்தில் ரோந்து போகும். நாலைந்து சுற்றுப் பார்த்தால் எங்கே ஒரு கணம் நிற்கிறது என்று பிடிபடும். ரையோதெமிஸ் வேரிகேட்டா மஞ்சள் கருப்பு இறக்கையோடு பட்டாம்பூச்சி போல மெல்லப் பறக்கும், பழகுவதற்கு ஏற்றது.

ஐப்பசியில கூட்டங் கூட்டமாப் பறக்குதே, அது உக்காரவே மாட்டேங்குதே?

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான். பந்தாலா ஃப்ளேவசென்ஸ். மழைக்காற்றோடு பயணம் போகிறது, தேங்கிய மழைநீரில் முட்டையிடுகிறது, குட்டை வற்றுமுன் சில வாரங்களிலேயே குஞ்சு வளர்ந்து கிளம்பிவிடுகிறது. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவை போகின்றன என்ற கருத்தை, மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் வெளியிட்டார்.

பகலில் துரத்திப் பயனில்லை. பொழுது சாய்ந்ததும், அல்லது மப்பு போட்டதும், வேலி ஓரக் குச்சிகளில் செங்குத்தாகத் தொங்கும். அப்போது பார்த்து வைத்துக்கொண்டு விடிகாலையில் போங்கள்.

சாக்கடைத் தண்ணிக்கிட்டத்தான் நெறைய இருக்குது. அப்ப தண்ணி சுத்தம்னு அர்த்தமா?

அப்படி இல்லை. ஆரஞ்சு இறக்கையோடு கும்பலாக உட்கார்ந்திருந்தால் அது பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டாவாக இருக்கும். அழுக்குத் தண்ணீரைத் தாங்குகிற வகை, நகரத்துக் குளங்களில் எங்கும் உண்டு. எத்தனை தட்டான் என்பதைவிட எத்தனை வகை என்று பாருங்கள். ஒரே வகை நூறு இருப்பதற்கும் பத்து வகை பத்துப் பத்தாக இருப்பதற்கும் தண்ணீரில் நிறைய வித்தியாசம் உண்டு.

மலையோடைல ஒண்ணு பச்சையா மின்னுச்சு. எடுத்தா பழுப்பா வருது. கேமரா கோளாறா?

கேமரா சரியாகத்தான் இருக்கிறது. அது நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஆணாக இருக்கும். பின் இறக்கைகளின் மேல்பக்கம் மட்டுமே உலோகப் பச்சை, அடிப்பக்கம் செம்பழுப்பு. உட்கார்ந்து இறக்கையை மூடினால் அடிப்பக்கம்தான் தெரியும். ஆனால் அவ்வப்போது இறக்கையைப் பட்டென்று விரித்து மூடும். ஓடை நடுவில் வெயில் விழும் கல்லாகப் பார்த்து, அதற்குச் சற்று மேலிருந்து ஃபோகஸ் வைத்து, விரிக்கும்போது தொடர்ச்சியாக அழுத்துங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அந்தப் பச்சை, சாயம் அல்ல, ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் நிறமும் போய்விடும்.

ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தா ஆடாம இருக்குமாமே?

இருக்கும். செய்யாதீர்கள். குளிரில் விறைத்த தட்டான் கால்களை வைக்கிற விதமே சொல்லிக் கொடுத்துவிடும், தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடிப்பார்கள். ஆடாமல் இருக்க வேண்டும் என்றால் மூன்றாவது, நான்காவது கேள்விகளில் சொன்ன மாதமும் நேரமும் அதை இலவசமாகவே தருகின்றன.

விடியலில் தொட்டிச் சுவரில் இளம்பருவத் தோலை விட்டு வெளிவரும் தட்டானை மட்டும் தொடவே தொடாதீர்கள். இறக்கை கண்ணாடிக் காகிதம் போலப் பளபளவென்று ஈரமாக இருக்கும். அப்போது மடங்கினால் ஆயுளுக்கும் நேராகாது.

ஃப்ளாஷ் அடிச்சா கண்ணு போயிருமா?

அதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அசைந்துகூடப் பார்க்காது. ஆனால் நேரடி ஃப்ளாஷ் இறக்கையில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். முன்னால் பால் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வெட்டிப் பொருத்தி, சக்தியைக் குறைத்து, நிழலை நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள்.

யாருகிட்டயாவது பர்மிஷன் வாங்கோணுமா?

தோட்டமென்றால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை. நாய்க்கும் மின்வேலிக்கும் அதுதான் பாதுகாப்பு. காப்புக்காடு, புலிகள் காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரத்தில் காலையும் மாலையும் யானை நடமாட்டம் உண்டு. தட்டானுக்கு நல்ல நேரம்தான் யானைக்கும் நல்ல நேரம். அமராவதி அணையில் முதலை இருக்கிறது, நீரோரம் தவழ்கிற வேலை அங்கே வேண்டாம். நெல் வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கும் என்பதால் முழங்கால் வரை பூட்ஸ்.

பேரு கண்டுபிடிக்கோணும்னா எப்படி எடுக்கோணும்?

அழகான ஒரு படத்தைவிடச் சுமாரான மூன்று படங்கள் உதவும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனி தெளிவாக ஒன்று. ஆணின் வால் நுனியில் பெண்ணைப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க அதன் வடிவம் வேண்டியிருக்கும், ஊசித்தட்டானில் முக்கியமாக. எஃப். சி. ஃப்ரேசர் 1933-லிருந்து 1936 வரை மூன்று பாகமாக எழுதிய இந்தியத் தட்டான் நூலிலும் இந்தக் கொக்கிகளைப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் தேதி, இடத்தோடு ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அடுத்தவர் தோட்டத்தில் எடுத்தது என்றால் இடத்தைத் தோராயமாக மட்டும் காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.